கிளட்ச் வயர்

பன்னேர்கட்டா தாண்டி
ராகிஹள்ளிக்குத் திரும்பும் முனையில் என் ஒர்க்‌ஷாப்.
பஞ்சர், ஆயில், பிரேக் ஷூ.
பலகையில் கன்னடம்,
வசவில் மட்டும் தர்மபுரித் தமிழ்.

அறுந்த கிளட்ச் வயரை நான் எறிவதில்லை.
சிலும்பு யார் விரலையும் குத்தக்கூடாதென்று
நுனியில் ஒரு சொட்டு ஈயம் வைத்துச்
சுருட்டி, பெயிண்ட் டப்பாவில் போடுவேன்.
ஒன்று பத்து ரூபாய்.
டீ வாங்கித் தந்தால் சும்மா.

"தக்காளிப் பந்தலுக்கு" என்பார் புட்டமாதய்யா.
தக்காளி போடாத மாசத்திலும்
தக்காளிப் பந்தலுக்குத்தான்.
நான் கேட்டதில்லை.
கேள்வி கேட்கிற மெக்கானிக்கிடம்
யார் வண்டியை விடுவார்கள்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை
தூக்குவாளியில் கறி வந்தது.
கேழ்வரகை மேய்ந்த பன்றி, நல்ல கொழுப்பு.
இன்னொரு வாயின் பங்கு அது என்று
நாக்குக்கு எப்படித் தெரியும்.

லோகேஷப்பா பேங்க் லோனில் ஷெட் போட்டார்.
நாற்பது பன்னூர் ஆடு,
தகரக் கூரை, சுற்றிலும் வலை, மூலையில் கேமரா.
காட்டில் பன்றி குறைந்த மழைக்காலத்தில்
கூரைக்கும் வலைக்கும் நடுவே
ஒரு முழ இடைவெளி இருந்தது.

செத்தது பதினொன்று.
தூக்கிப் போனது ஒன்று.
"தின்னாததை ஏன் கொல்லணும், திமிரைப் பாருங்க"
என்று வீடியோவை ஊரே போன் மாற்றிப் போன் பார்த்தது.
நானும் பார்த்தேன், மூன்று தடவை.
ஆடுகள் சுவரில் மோதித் திரும்பி
அதன் மேலேயே வந்து விழுந்தன.
ஓட இடமில்லாமல் ஓடுவதை
அது அதற்குமுன் பார்த்திருக்காது.

நஷ்டஈட்டுக்கு எழுதிப் போட்டார் லோகேஷப்பா.
ஆதார் ஜெராக்ஸ்,
காது வில்லையின் எண்,
பல் பதிந்த கழுத்தின் படம்.
தவணை நாள் வந்தது, பணம் வரவில்லை.
அதற்கப்புறம் ஊரில்
தக்காளிப் பந்தல்கள் பெருகின.

விடிகாலை ஐந்து மணிக்கு
ஃபாரஸ்ட் ஜீப் ஷட்டரைத் தட்டியது.
"கட்டர் இருக்கா? எங்களது மழுங்கிப்போச்சு."

மூங்கில் புதர். டார்ச் வெளிச்சம்.
ஊசி போட்டுக் கண்ணைத் துணியால் மூடியிருந்தார்கள்.
பெண். காம்புகள் ஈரமாக இருந்தன.
இரவு முழுக்கச் சுற்றிச் சுற்றித்
தரையில் ஒரு வட்டம் உழுதிருந்தது.
இடுப்பில் என் இரண்டு கைக்குள் அடங்கும்படி
சிறுத்துப் போயிருந்தது சிறுத்தை.
பெயருக்கு இப்படியொரு பொருள்
வந்திருக்க வேண்டாம்.

வயரைத் தேட ரோமத்துக்குள் விரல் விட்டேன்.
சூடு. மூச்சு ஏறி இறங்கிற்று.
குத்துமென்று பயந்த நுனி குத்தவில்லை.
வழவழப்பாக ஒரு சொட்டு ஈயம்.

வெட்டினேன். சத்தம் சின்னதுதான்,
தினமும் கேட்கிற சத்தம்.
டாக்டரம்மா பின்னங்காலை மடக்கிப் பார்த்தார்,
நீட்டிப் பார்த்தார்,
யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை.
துண்டு வயரை நான் பாக்கெட்டில் போட்டுக்கொண்டதை
யாரும் பார்க்கவில்லை.
குட்டிகளைத் தேடிப் போனவர்கள்
மத்தியானம் வெறும் கையோடு
என் கடையில் ஜீப்புக்குக் காற்று அடித்துக்கொண்டு போனார்கள்.

நாலு நாள் கழித்து வந்தார் புட்டமாதய்யா,
தள்ளிக்கொண்டு.
அவர் வண்டிக்கே கிளட்ச் அறுந்திருந்தது.
புதுசு மாட்டினேன், இழுவை பார்த்தேன்.
"பழசு?" என்று கை நீட்டினார்.

டப்பாவைக் கவிழ்த்தேன்.
அதையும் சேர்த்துப் பதினைந்து.
அவர் எதிரிலேயே விரல் நீளத்துக்கு
நறுக்கி நறுக்கி,
அத்தனையும் அவர் உள்ளங்கையில் கொட்டினேன்.
சில்லறை போலக் குலுங்கின.
"தக்காளிக்குச் சணல் போதும்ணா."

அவர் கோபப்படவில்லை.
காசை எண்ணி வைத்தார்,
துண்டுகளை ஸ்டூலில் வைத்தார்,
ரோட்டைத் தாண்டினார்.

எதிர்த்த கடை ஹாலப்பாவும்
கிளட்ச் மாற்றுகிறான்.
அவன் டப்பா என்னுடையதைவிடப் பெரிது.